ஆண் பூச்சியின் வயிறு

என் கணவர் லுட்டோமியா இறந்து ஆறு வாரம் கழித்து, அவருடைய அந்துப்பூச்சிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ககமேகாவிலிருந்து நைரோபிக்குப் பஸ் ஏறினேன். எட்டு மணி நேரம். பள்ளம் வரும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கிப் பிடித்தேன்.

அவர் காட்டுக் காவலராக இருந்தவர். பெட்டியிலிருந்த ஒரு வெளிர்பச்சைப் பூச்சி எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று பதினோரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். சிறகில் ஒரு பழுப்புக் கோடு. ஆனால் சிறகை வைத்து முடிவு சொல்ல முடியாது. வயிற்றைக் கழற்றி, அதன் நுனிக்குள் இருக்கும் இணைசேரும் உறுப்பைப் பார்த்தால்தான் இனம் தெரியும். கிடைத்தது ஒன்றே ஒன்று. கழற்ற அவருக்கு மனம் வரவில்லை.

புதிய இனமாக இருந்தால் அவர் பெயரையே வைப்பதாக அருங்காட்சியகத்தில் வேலை செய்யும் முத்திந்தா சொல்லியிருந்தான். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

முத்திந்தா லென்ஸில் பார்த்தான். "உணர்கொம்பு சீப்பு மாதிரி இருக்கு, ஆம்பளைதான். ஆனா அண்ணி, ஆம்பளைக்கு இவ்வளவு தொப்பையா? அண்ணன் உகாலிக் களி போட்டு வளத்தாரா?"

நான் சிரிக்கவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். களைப்பாக இருந்தது. அவன் வயிற்றைக் கழற்றிக் காரக் கரைசலில் போட்டுச் சூடாக்கினான். சதை கரைய இருபது நிமிடம். டீ கொடுத்தான், குடித்தேன்.

நுண்ணோக்கியில் குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.

"உள்ள முட்டை இருக்கு. அண்ணி, இந்த வயித்த யாரு ஒட்டினது?"

"நான்தான். அவர் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப தூசி தட்டினேன். பெட்டி கீழ விழுந்து ரெண்டு பூச்சிக்கு வயிறு கழண்டுடுச்சு. எது எதுக்குன்னு தெரியல. கோந்து வச்சு ஒட்டிட்டேன்."

"அண்ணன்கிட்ட சொல்லலியா?"

"வந்து பாத்தார். நல்லாத்தான் இருக்குன்னார். அப்பவே கண்ணு மங்கல். எப்படிச் சொல்றது?"

முத்திந்தா பெட்டியைத் திருப்பினான். சாதாரணப் பச்சை இனத்துப் பெண் பூச்சி ஒன்று மெலிந்த வயிற்றோடு இருந்தது.

"இவன் வயிறு அங்க இருக்கு. வேண்டாம்னா மூடி வச்சுடலாம் அண்ணி. அண்ணன் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்."

"மூடி வச்சா பேர் வைப்பியா?"

"அது முடியாது."

"அப்ப கழட்டு."

மறுபடி இருபது நிமிடம். இந்த முறை என்னையும் பார்க்கச் சொன்னான். இரண்டு சிறு கொக்கிகள், நடுவில் ஒரு முள். பக்கத்தில் விரித்திருந்த புத்தகத்தில், சாதாரணப் பச்சைப் பூச்சியின் படத்திலும் அதே கொக்கிகள், அதே முள்.

"அதே இனம்தான் அண்ணி. கோடு மட்டும் கூடுதல்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?"

"இங்கயே வை."

அவன் திறந்த இழுப்பறையில் அதே பச்சையில் நாற்பது பூச்சிகள் இருந்தன. கடைசியில் இதை ஊசியால் குத்தி வைத்தான். பிடித்தவர் லுட்டோமியா என்று சீட்டில் எழுதினான்.

"வயித்த மாத்தி ஒட்டினது அவர் பொண்டாட்டி இமின்சான்னும் எழுது," என்றேன்.

"எதுக்கு அண்ணி?"

"நாளைக்கு யாராவது கோந்தைப் பாத்துட்டு அவரைத் திட்டுவாங்க."

எழுதினான்.