வண்டியில் ஏறாதவர்

சைக்கிள் கடைச் சுவரில் மூன்றே மூன்று பெயர்கள்தான் இருந்தன. நான்காவதாகத் தன் பெயர் ஏற வேண்டும் என்று சர்வேயர் ஆறு வருடமாகத் தவம் கிடந்தார். கிழக்குக் கடலில் பின் சக்கரத்தை நனைத்துக் கிளம்பி, நடுவில் கிடக்கும் மலைத்தொடரைத் தாண்டி, ஐந்தாம் நாள் மேற்குக் கடலில் முன் சக்கரத்தை நனைக்க வேண்டும். இடையில் ஒரு அடி தூரம்கூடப் பின்னால் வரும் துணை வண்டியில் ஏறக் கூடாது. கடலுக்குக் கடல் போனவர்கள் எத்தனையோ பேர். ஏறாமல் போனவர்கள் அந்த மூன்று பேர்தான்.

கடைக்காரர் ஒரு தினுசான ஆள். சைக்கிள் மீட்டர் வரைந்து காட்டும் பாதைக் கோட்டையும் நம்ப மாட்டார், மிதித்தவன் வாயையும் நம்ப மாட்டார். தண்ணீரும் பழமும் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்த வண்டியை ஓட்டியவரைத்தான் கேட்பார். "ஏறினாரா, இல்லையா?" விசாரணை அவ்வளவுதான், அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அதனால்தான் சர்வேயர் தன் மனைவியையே வண்டி ஓட்டச் சொன்னார். வெளியாள் என்றால் என்னத்தைச் சொல்லித் தொலைப்பானோ. இவள் என்றால் இருபத்தாறு வருடமாகச் சொன்னதைச் சொல்பவள்.

அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். உள்ளே போகிறவர்களிடம் "ஒண்ணும் வலிக்காதுங்க" என்று முகம் மாறாமல் சொல்வது பாதி வேலை. கிளம்புவதற்கு முந்தின நாள் அண்ணன் வீட்டில் இருந்த அம்மாவுக்குக் காய்ச்சல்.

"தள்ளிப் போட்டா என்னங்க?"

"ஆறு வருஷமா உடம்பத் தயார் பண்ணியிருக்கேன். முட்டிக்கு இதுதான் கடைசின்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்கம்மாவுக்குக் காய்ச்சல் வருஷத்துக்கு நாலு தடவ வரும்."

அம்மாவும் போனில், "போயிட்டு வாடி, எனக்கென்ன" என்றாள். அதை நம்பிக் கிளம்பியதுதான் அவள் செய்த தப்பு.

இந்தப் பெயர் விஷயத்தில் சர்வேயருக்கு ஏன் இவ்வளவு வெறி என்றால், அதற்கு முக்கால் என்று ஒருவர் இருந்தார். தபால் நிலையத்தில் வேலை பார்த்த சாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே வழியில் வயிற்றுப்போக்கு வந்து, ஆறே ஆறு கிலோமீட்டர் வண்டியில் படுத்துக்கொண்டு போனார். அவருக்கு முக்கால் என்று பெயர் வைத்ததே சர்வேயர்தான். அந்த மனுஷனின் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னாலேயே "இவருதான் நம்ம முக்கால்" என்று அறிமுகப்படுத்தி, காரணத்தையும் விலாவாரியாகச் சொல்லிச் சிரித்தவர். இப்படி ஊரை அளந்து பெயர் வைத்தவர் தன் அளவில் ஒரு அங்குலம் குறைய விடுவாரா?

முதல் இரண்டு நாளும் வெயில் வறுத்தெடுத்தது. தண்ணீர் சுடுகிறது என்று ஒரு வசவு, பழம் கொழகொழ என்றிருக்கிறது என்று ஒரு வசவு. சாப்பிடக்கூட வண்டிப் படியில் உட்கார மாட்டார். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல எட்ட நின்று, தட்டை ஜன்னல் வழியாக வாங்கி, ரோட்டோரத்தில் நின்றபடியே தின்பார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மலையடிவாரத்தில் ஒரு விடுதி. அவள் குளியலறையில் அவருடைய வியர்வைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தபோது அறையில் அவளுடைய போன் அடித்தது. அவர் எடுத்துப் பேசினார். சோப்புக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க?"

"உங்க அண்ணன். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சாம். சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல."

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியில் சட்டையை இன்னொரு தடவை அலசினாள்.

மூன்றாம் நாள்தான் ஏற்றம். பாதி மலையில் மழை பிடித்தது. பிறகு ஐந்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. உச்சிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது மீட்டர் அணைந்துவிட்டது. "சார்ஜ் போட்டியா இல்ல தூங்கிட்டியா?" என்று திரும்பிக் கத்தினார். உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது.

இரண்டு வளைவு தாண்டி அவரைக் கண்டபோது ரோட்டோரத் தடுப்புச் சுவரில் சாய்ந்து கிடந்தார். காலின் மேல் சைக்கிள். உதடு நீலம். பல் கிட்டிப் பேச்சு குழறியது.

"ஏத்திடு… வண்டில ஏத்திடு… செத்துருவேன் போல இருக்கு," என்று அழுதார். இருபத்தாறு வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

கதவைத் திறந்துவிட்டாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கியும் விட்டாள். அப்புறம்தான் யோசித்தாள். இந்தக் கதவுக்குள் ஒரு காலை வைத்துவிட்டால் இந்த மனுஷன் பிறகு மனுஷனாகவே இருக்க மாட்டார். கதவைச் சாத்தினாள். வண்டியைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தினாள். இருந்த போர்வை, துண்டு, தன் ஸ்வெட்டர் எல்லாவற்றையும் அவர்மேல் சுற்றி, ரோட்டிலேயே உட்கார்ந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிளாஸ்கிலிருந்த சர்க்கரைத் தண்ணீரை மூடி மூடியாகப் புகட்டினாள். முக்கால் மணி நேரம் மழை அவள் முதுகில்தான் பெய்தது. நடுக்கம் நின்றதும் அவராகவே எழுந்து மிதித்தார். வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் ஊர்ந்தாள்.

உச்சியில் மீட்டர் தானாக மறுபடி எரிந்தது. அவரும் விழித்துக்கொண்டவர்போல் கேட்டார். "நடுவுல என்ன ஆச்சு? ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

"கொஞ்ச நேரம் ஒக்காந்தீங்க. அப்புறம் மிதிச்சீங்க."

"அதானே பாத்தேன்," என்றார் சர்வேயர்.

ஏற்றம் தொடங்கியபோதே சிக்னல் போயிருந்தது. அந்தப் பக்கமும் முழுக்கக் காடு. இரண்டு நாள் போனில் ஒரு கோடுகூட வரவில்லை. ஐந்தாம் நாள் காலை கடைசி இறக்கத்தில் சிக்னல் வந்ததும் போன் பைத்தியம் பிடித்ததுபோல் அடித்துக்கொண்டது. முப்பத்தோரு அழைப்புகள், எல்லாம் அண்ணன். வண்டியை ஓரம் கட்டிக் கூப்பிட்டாள்.

"எல்லாம் முடிஞ்சிருச்சும்மா," என்றார் அண்ணன். "முந்தாநாள் சாயங்காலம் போயிட்டாங்க. உனக்காக நேத்து மத்தியானம் வரைக்கும் வெச்சிருந்தோம். அதுக்கு மேல முடியல."

"எனக்கு… யாரும் சொல்லவே இல்லையேண்ணே."

"மாப்பிள்ளகிட்ட அன்னிக்கே சொன்னேனே! ஐசியுல இருக்காங்க, உன் பேரையேதான் சொல்றாங்க, உடனே பஸ் ஏத்தி விடுங்கன்னு. சரி அனுப்பறேன்னாரே! நீ வந்துருவேன்னு சொல்லிச் சொல்லியே வெச்சிருந்தோம். கண்ணத் தொறந்து தொறந்து வாசலயே பாத்தாங்கம்மா."

அடிவாரத்திலிருந்து அண்ணன் ஊருக்கு ஆறு மணி நேரப் பயணம். ராத்திரி பஸ்ஸைப் பிடித்திருந்தாலும் மூன்றாம் நாள் விடியலில் போய்ச் சேர்ந்திருப்பாள். அம்மாவின் கையை ஒரு பகல் முழுக்கப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பாள். அந்தப் பகலில்தான் அவள் நடுரோட்டில் இவரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்கில் தலையை முட்டி முட்டி அழுதாள்.

கீழே ஒரு மரத்தடியில் அவர் ஒற்றைக் காலை ஊன்றி நின்றிருந்தார். "எங்க போய்த் தொலைஞ்ச? தொண்ட காஞ்சு போச்சு." பாட்டிலை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணு ஏன் செவந்திருக்கு? சிக்னல் ஏதும் வந்துச்சா?"

"இன்னும் இல்லைங்க. தூசி."

அவர் தோள் இறங்கியதைப் பார்த்தாள். நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார், மடக் மடக் என்று.

அதன்பின் நாற்பது கிலோமீட்டர். ரோடு காலி. அவர் முன்னால், அவள் பின்னால், காலடியில் ஆக்ஸிலரேட்டர். கொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் செத்துப்போனால் பாவம் பார்த்துச் சுவரில் பெயரை எழுதிவிடுவார்கள். அது கூடாது. அவர் இருக்க வேண்டும், நெடுநாள் இருக்க வேண்டும். கடல் தெரிந்தபோது அவள் அழுகை சுத்தமாக நின்றிருந்தது.

கரையில் கடைக்காரரும் முக்காலும் இன்னும் நாலைந்து பேரும் கை தட்டினார்கள். சர்வேயர் முன் சக்கரத்தை அலையில் இறக்கிச் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கினார். "முக்கால், நல்லாப் பாத்துக்கய்யா! முழுசுன்னா இதுதான்!" முக்கால் அதற்கும் சேர்த்துக் கை தட்டினார்.

கடைக்காரர் அவளிடம் வந்தார். "நீங்க சொல்லுங்கம்மா. ஏறினாரா, இல்லையா?"

"ஏறினாரு."

சர்வேயர் சிரித்துக்கொண்டே திரும்பினார், அவள் வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்து.

"மூணாம் நாள், உச்சிக்குக் கீழ," என்றாள், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசும் அதே முகத்தோடு. "உடம்பு வெறச்சுப் போயி, ஏத்திடு ஏத்திடுன்னு அழுதாரு. நாலு கிலோமீட்டர் படுக்க வெச்சு ஓட்டிட்டு வந்து உச்சிக்கிட்ட எறக்கி விட்டேன். அவருக்கு ஞாபகம் இல்ல. மனசு ஒடஞ்சு போவாருன்னு சொல்லல. நீங்க கேக்கறப்ப பொய் சொல்ல முடியலைங்க."

"பொய்!" என்று கத்தினார் சர்வேயர். "மீட்டரப் பாருங்க!" அவரே எடுத்து அழுத்தினார். உச்சிக்குக் கீழே நாலு கிலோமீட்டருக்குக் கோடு அறுந்திருந்தது. அவர் அதையே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அழுதது மட்டும் எங்கோ ஒரு மூலையில் நினைவு வந்திருக்க வேண்டும். முகம் அப்படியே விழுந்தது.

"விடுங்க, அடுத்த தடவ பாத்துக்கலாம்," என்றார் கடைக்காரர். அடுத்த தடவை கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

முக்கால் கிட்டே வந்து அவர் தோளில் கை வைத்தார். "எனக்கு ஆறு. உங்களுக்கு நாலுதானே," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகு சர்வேயர் வண்டி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எந்த எடத்துல ஏத்தின? எந்த வளைவு? அதையாவது சொல்லு."

"சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல."

அந்த வார்த்தை யாருடையது என்று அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "நீ போயிருந்தா… வண்டி யாரு ஓட்டறது?" என்றார், மிக மெதுவாக.

அவள் சாவியைத் திருப்பினாள். "அண்ணன் வீட்டுக்குப் போறேன். வர்றதுன்னா ஏறுங்க."

கதவைத் திறந்து, படியில் காலை வைத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து நாளில் அவர் அந்த வண்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை.