கால் முன்னே பிறந்தவர்

ரெத்தினம் தாய் வயிற்றிலிருந்து தலைக்குப் பதில் கால் முன்னே வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் பறந்துவிடும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. நடவுக்குப் போய் இடுப்புப் பிடித்தவர்கள், மூட்டை தூக்கி முதுகு பிடித்தவர்கள் எல்லாரும் வெற்றிலை பாக்கோடு வந்து அவர் வாசலில் படுப்பார்கள். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு மிதித்துவிடுவார். காசு வாங்கமாட்டார். அதற்கும் சேர்த்துப் பெருமை வாங்கிக்கொள்வார்.

மகள் இசைவாணி போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். அடுத்த மாதம் ஓட்டம் வைத்திருந்தார்கள். அதிலும் தேறிவிட்டால், வயலில் குனியாமல் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அந்த வீட்டில் அவள்தான்.

விடிந்ததும் வாய்க்கால் கரையில் ஓடிப் பழகுவாள். கார்த்திகை மழையில் ஊறிய கரை, புல்லுக்குள் ஒரு நண்டு வளை. கால் வளைக்குள் மாட்டியது, உடம்பு நிற்கவில்லை. பாதம் உள்பக்கமாக மடங்கியது, காய்ந்த குச்சி முறிகிற சத்தம் கேட்டது. நொண்டி நொண்டி வீடு வந்து சேர்வதற்குள் கணுக்கால் பணியாரமாக உப்பிவிட்டது.

"அப்பா, ஏதோ ஒடைஞ்ச மாதிரி சத்தம் கேட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்பா."

"ஒடைஞ்சிருந்தா நடந்து வந்திருப்பியா? சுளுக்குதான். ஊருக்கெல்லாம் மிதிக்கிறேன், என் புள்ளைக்கு மிதிக்கமாட்டேனா?"

அம்மா செந்தாமரை மகளின் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். ரெத்தினம் எண்ணெய் தடவி மிதித்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அவள் போட்ட அலறலில் தெருவே வாசலுக்கு வந்தது. பாதத்துக்கடியில் ஏதோ நகர்ந்தது ரெத்தினத்துக்குத் தெரிந்தது. தெரிந்தும், "பிடிப்பு விட்டுருச்சு, இனிமே சரியாயிடும்" என்றார் அந்த மனுஷர்.

வீக்கம் முழங்கால்வரை ஏறிய பிறகுதான் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார்.

"மொதல்ல கீறல்தான் விழுந்திருக்கணும். மாவுக்கட்டோட போயிருக்கும். இப்ப எலும்பு வெலகி, ஜவ்வும் கிழிஞ்சிருக்கு. பிளேட் வைக்கணும். யாராவது மிதிச்சு கிதிச்சு விட்டீங்களா?"

ரெத்தினம் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"இல்ல டாக்டர். நாந்தான் அதோட நடந்துட்டேன்" என்றாள் இசைவாணி. "அடுத்த மாசம் ஓட்டம் இருக்கு டாக்டர்."

"மொதல்ல நடக்குறதைப் பாப்போம்மா. பழைய ஓட்டம் திரும்புறது கஷ்டம்."

அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மகள் காட்டிக்கொடுக்கவில்லையே என்று அப்பாவுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. வெட்கங்கெட்ட நிம்மதி அது.

ஆப்பரேஷன் முடிந்து ஆட்டோ வீட்டு வாசலில் வந்து நின்றபோது, பக்கத்துத் தெரு தங்கம்மாள் வெற்றிலைப் பொட்டலத்தோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கணுக்காலும் வீங்கியிருந்தது.

"வரப்புல வழுக்கி விட்டுருச்சுண்ணே. கொஞ்சம் மிதிச்சு விடுங்க."

பழக்கதோஷம், ரெத்தினம் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போங்க!" ஆட்டோவுக்குள்ளிருந்து இசைவாணி தெரு கேட்கக் கத்தினாள். "எங்கப்பா மிதிச்சுத்தான் என் கால் போச்சு."

தங்கம்மாள் நீட்டிய காலைப் பயந்து இழுத்துக்கொண்டாள். ரெத்தினம் வெறுங்காலோடு நின்றார்.