இரண்டு கூடை சருகு

அந்தக் கோடையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு சத்தம். அதைச் சீறல் என்று சொல்ல முடியாது. சீறல் மெல்லியது. இது தரைக்கு அடியில் எங்கோ ஒரு பெரிய விலங்கு உறுமுவதுபோல் இருக்கும். ராஜநாகத்தின் மூச்சுக்குழாயை ஒட்டிச் சிறு காற்றறைகள் இருப்பதால்தான் அப்படி என்று புத்தகத்தில் படித்திருந்தேன். சித்தாபுரம் போகும் வழியில் இருந்த நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் வாத்தியார்; ஊர்க்காரர்களுக்கு 'மேஷ்ட்ரு'. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் காதால் கேட்டது அந்த ஒரு வருடம்தான். இருபத்தெட்டு வருடம் ஆகிறது.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு பாக்குத் தோட்டத்துக்கும் மேலே ஒரு சருகுக் காடு உண்டு. மாட்டுக்கொட்டிலில் பரப்பவும் பிறகு தோட்டத்துக்கு உரமாக்கவும் அந்தக் காட்டுச் சருகுதான். ஏப்ரல், மே மாதங்களில் மூங்கில் வாரியால் அரித்து ஆங்காங்கே குவித்துவிட்டு வருவார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ கூடையோடு போய் அள்ளி வருவார்கள். குவியலுக்குக் காவல் கிடையாது. ஒருவர் குவித்ததை இன்னொருவர் எடுப்பது, அடுத்த வீட்டுப் பசுவைக் கறப்பதைப்போல. யாரும் செய்யமாட்டார்கள்.

நான் செய்தேன். ஆறு வருடம் செய்தேன். திருட்டு என்ற சொல்லை நான் எனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. பாகப்பிரிவினையில் எனக்கு வந்த காடு சின்னது, விடுமுறை குறைவு, குனிந்து அரித்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது, எல்லை ஓடை வருடாவருடம் இடம் மாறுகிறது. இப்படி நிறைய வைத்திருந்தேன். ஊர் சாப்பிட்டுக் கண்ணயரும் மதிய வேளையில் ஓடையைத் தாண்டி, பாகீரதியக்காவின் குவியலில் இரண்டு மூன்று கூடை. அவ்வளவுதான்.

பாகீரதியக்கா எனக்குப் பதினைந்து வயது மூத்தவள். கணவன் போன பிறகு நாலு ஏக்கர் பாக்கையும் தனியாகக் கட்டி ஆண்டவள். ஒவ்வொரு மே மாதமும் ஓடைக்கரையில் நின்று அவள் கத்துவது எங்கள் கூடத்துக்குக் கேட்கும்.

"எவன் வீட்டு மாட்டுக்குடா என் சருகுல மெத்தை? அந்த மாடு காலமெல்லாம் கோமியம்தான் கறக்கும், பாத்துக்கோ!"

நான் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவேன். என் மனைவி வேதா சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "யாருங்க அது, இவ்வளவு வெக்கங்கெட்டவன்? பாவம் அக்கா."

"யாரோ" என்பேன்.

அக்கா சந்தேகப்பட்டது தன் கொழுந்தன் வெங்கப்பையாவை. நாலு வருடமாக அவன் வந்தால் வெல்லமும் தண்ணீரும்கூட வைப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைக் கேட்ட நாளிலும் நான் போய்ச் சொல்லவில்லை.

அந்த வருடம் மே இரண்டாம் வாரம். ஓடைக்கு அப்பால் ஒரு மூங்கில் புதரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குவியல். நல்ல வட்டமாக, மேலே கூம்பி, அழுத்தமாக. அக்காவின் கைநேர்த்தி என்று நினைத்தேன். ஒரு கூடை கொண்டுபோய்க் கொட்டிலில் பரப்பினேன். இன்னொரு கூடை. மூன்றாவது முறை விரல்களில் தட்டுப்பட்டது சருகு இல்லை. குளிர்ச்சியும் இல்லை, சூடும் இல்லை. தோல்போல மெத்தென்று, வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டி இருபதுக்கு மேல் முட்டைகள்.

உலகத்திலுள்ள பாம்புகளில் சருகைக் கூட்டிக் கூடு கட்டுவது ராஜநாகம் ஒன்றுதான் என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தக் கூட்டைத்தான் அக்கா வீட்டுக் குவியல் என்று இரண்டு கூடை அள்ளியிருந்தேன்.

அப்போதுதான் அந்த உறுமலைக் கேட்டேன். தண்ணீர் குடிக்கப் போயிருந்திருக்க வேண்டும், ஓடைப் பக்கமிருந்து வந்தாள் அந்தத் தாய்நாகம். பத்தடி தூரத்தில் நின்று என் இடுப்புக்கு மேல் தலையைத் தூக்கினாள். நான் கூடையை விட்டுவிட்டுப் பின்னாலேயே நகர்ந்தேன். அவள் துரத்தவில்லை. முட்டைகளின் மேல் போய்ச் சுருண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கழுத்தை வளைத்துச் சுற்றிலும் தடவினாள். வளைவுக்குள் நாலைந்து இலை வந்தது. அதை இழுத்துக்கொண்டு போய் வைத்தாள். மறுபடி வந்தாள். இலை இல்லை. ஓடைக்கு இந்தப் பக்கத்தை ஏற்கெனவே நான் சுத்தமாக அரித்துவிட்டிருந்தேன். அந்தப் பக்கத்தை அக்கா அரித்து மேலே கொண்டுபோயிருந்தாள். தாய்நாகம் வெறும் மண்ணைக் கழுத்தால் வளைத்து வளைத்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

பத்து கோடி வருடத்துக்கு முன்னால் பாம்புகள் கால்களை இழந்தன. மலைப்பாம்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் வால் பக்கம் இரண்டு நகம் மிச்சம். இதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கையும் காலும் போன பிறகு இவளுக்குக் கூடு கட்ட வேண்டியிருந்தது. கழுத்தையே கையாக்கி, ஒவ்வொரு வளைவாக, எத்தனை நாள் இழுத்திருப்பாளோ. இரண்டு கையும் ஒரு கூடையும் இருந்த எனக்கு அதைக் கலைக்கக் கால் மணி நேரம் போதுமாக இருந்தது.

மழைக்கு மூன்று வாரம் இருந்தது. எங்கள் மழை அப்படி இப்படி இல்லை. கூட்டின் சருகு கனமாகவும் இறுக்கமாகவும் இருந்தால்தான் நீர் உள்ளே இறங்காது. இல்லாவிட்டால் முட்டைகள் மூழ்கி அழுகிவிடும். நான் எடுத்த சருகு கொட்டிலில் சாணியோடு மிதிபட்டுக் கிடந்தது. காய்ந்த சருகு மிச்சமிருந்தது அக்காவின் வீட்டு மேட்டில் மட்டும். அதை அவள் கண்ணில் படாமல் எடுக்க முடியாது. கேட்டால் ஏன் என்று கேட்பாள்.

அன்று சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன். வேதா இரண்டு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு இருந்த பயம் பாம்பைப் பற்றி இல்லை. வாத்தியார் சருகு திருடினார் என்று ஊர் சொல்லும். வேதா என்னைப் பார்க்கும் பார்வை மாறும். பேசாமல் இருந்தால் அத்தனை முட்டையும் போகும், அது யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த 'யாருக்கும் தெரியாது' என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

காலையில் அக்கா களத்தில் பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் எண்ணெய். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டை முதலில் சொல்லி, சருகைப் பிறகு சொன்னேன்.

அவள் கையிலிருந்த கத்தி நிற்கவில்லை. ஒரு சுளை, இரண்டு சுளை, கொட்டையை எடுத்துத் தனியாகப் போட்டாள்.

"எத்தனை வருஷமா?"

"ஆறு."

"நான் நாலுன்னு நெனச்சேன்." சுளையைத் தட்டில் வைத்தாள். "வெங்கப்பையா போன தீவாளிக்கு வாசல்ல நின்னு, 'அண்ணி, கால் வலிக்குது, உக்காரலாமா'ன்னு கேட்டான். நான் உள்ளே போயிட்டேன் மேஷ்ட்ரே."

அவள் அடுத்த சுளையைப் பிரித்தாள்.

"புஸ்தகத்துல போட்டிருக்குமே, சருகு எப்படி எடுக்கறதுன்னு?"

"அக்கா..."

"எத்தனை கூடை வேணும்?"

"ஏழெட்டு."

"எடுத்தது ரெண்டு, திருப்பறது எட்டா? வட்டி ஜாஸ்திதான்." எழுந்து கையைத் துடைத்தாள். "யாருட்டயும் மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா மஞ்சளும் பாலும் தூக்கிட்டு ஊரே வரும். கும்புட்டு கும்புட்டே மிதிச்சுக் கொன்னுடும்."

இரண்டு பேருமாகச் சுமந்தோம். வழியில் பார்த்த ராமா நாயக்கன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "மேஷ்ட்ரே, சருகு காட்டுலருந்து வீட்டுக்குப் போகும். நீங்க வீட்டுப் பக்கமிருந்து காட்டுக்குக் கொண்டு போறீங்களே, காட்டுக்குக் குளிருதா?"

"பேசாம போடா" என்றாள் அக்கா. "மேஷ்ட்ருக்கு முதுகு வலியாம், வைத்தியர் சுமக்கச் சொல்லியிருக்காரு."

கூட்டுக்கு மேலே சரிவில், பாம்பு எட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கொட்டிவிட்டு ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். அவள் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள். இமை இல்லாத கண். பார்க்கிறதா, சும்மா திறந்திருக்கிறதா தெரியாது. சருகைத் தொடவில்லை. இரண்டு நாள் தொடவில்லை. எங்கள் வாடையோ என்னவோ. மூன்றாம் நாள் காலை கூட்டிலிருந்து இறங்கி வந்தாள். நாக்கால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு கழுத்தை வளைத்தாள்.

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். விடவே இல்லை.

தாய்நாகம் சருகை இழுத்துக்கொண்டு போய் வைத்து, மேலே ஏறிச் சுருண்டு உடம்பால் அழுத்துவாள். மறுபடி வருவாள். ஒரு கூடை சருகுக்கு ஒரு பகலுக்கு மேல் ஆனது. பதினோரு நாள். நான் விடுமுறை முழுவதும் அந்தப் பாறையில் இருந்தேன். அக்கா வேலையை முடித்துவிட்டு வந்து உட்காருவாள். மடியில் வெற்றிலை, பாக்கு. எனக்கும் ஒன்று மடித்துத் தருவாள். பேசமாட்டோம்.

ஒருநாள் நான் சொன்னேன்: "அக்கா, பேசினா அதுக்கு அவ்வளவா கேக்காது. காது துளை கிடையாது. தரை அதிர்ந்தாத்தான் தாடை எலும்பு வழியா நல்லா தெரியும்."

"அப்ப நீங்க ஏன் இத்தனை நாளா பேசல?"

"நீங்க பேசலையே."

"எனக்கு வீட்ல பேச ஆள் இல்ல. இங்க பேசாம இருக்க ஒரு ஆள் கிடைச்சிருக்கு, அத ஏன் கெடுக்கணும்?" என்றாள்.

அதன்பிறகு எத்தனையோ பேரோடு எத்தனையோ நேரம் இருந்திருக்கிறேன். புத்தகத்தோடு தனியாகவும் இருந்திருக்கிறேன். அந்தப் பாறையில் இருந்த அமைதி திரும்ப வரவில்லை. அக்கா போய் ஒன்பது வருடம் ஆகிறது. இன்றும் யாராவது பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தால், ஒரு கணம் வெற்றிலை வாசனைக்காகக் காத்திருக்கிறேன்.

வேதாவிடம் நான்தான் சொன்னேன். இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாளே தவிர முகம் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், "குட்டி எப்ப வரும்?" என்று கேட்டாள். வெங்கப்பையாவை அக்காவே போய்க் கூப்பிட்டு வந்தாள். என் பெயரைச் சொன்னாளா என்று கேட்டேன். "சொல்லாம? அவன் சிரிச்ச சிரிப்பு இன்னும் நிக்கல" என்றாள்.

ஜூன் நான்காம் தேதி மழை பிடித்தது. கம்பளியைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகுமுன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம் பாறைக்குப் போவேன். ஓடை பெருகிக் கரையைத் தொட்டது. பாதையெல்லாம் அட்டைப்பூச்சி. அவள் கூட்டின்மேல் சுருண்டபடியே இருந்தாள். மழை அவள்மேல் விழுந்து வழிந்தது. இரண்டு மாதமாக ஒன்றும் தின்னவில்லை, முதுகெலும்பு தெரிந்தது. உள்ளே நீர் இறங்கியதா என்று அறிய வழியில்லை. கூடு கறுத்து, அமுங்கி, நாளுக்கு நாள் சின்னதாகத் தெரிந்தது.

ஜூலை கடைசியில் ஒரு காலை அவள் இல்லை.

"செத்துட்டாளா?" என்றாள் அக்கா.

"இல்ல. குட்டி பொரிய நாள் நெருங்கினா போயிடும். அதுக்கு ஆகாரமே பாம்புதான். பசியோட பக்கத்துல இருந்தா தன் குட்டின்னு பாக்காதுன்னு எழுதியிருக்காங்க."

அக்கா கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதினவனுக்கு என்ன தெரியும்? ரெண்டு மாசப் பட்டினி, குடிக்கப் போயிருப்பா, சாப்பிடப் போயிருப்பா. போன உடனே நெனப்பு வராம இருக்குமா?"

அன்று முழுவதும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம். அவள் வரவில்லை.

பாம்பு போன ஒன்பதாம் நாள் நான் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சன்னலில் அக்கா. கம்பளியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மேஷ்ட்ரே, வாங்க."

அவள் முகத்தைப் பார்த்து என்ன என்று எனக்குப் புரியவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு ஓடினேன்.

கூட்டின் ஓரத்துச் சருகு அசைந்தது. விரல் தடிமனில் ஒரு கறுப்புத் தலை. உடம்பு முழுக்க வெள்ளை வளையம். வெளியே வந்து, சும்மா நின்ற எங்கள் பக்கம் பார்த்துப் படமெடுத்தது. கட்டைவிரல் அகலம்தான் இருக்கும் அந்தப் படம்.

"அம்மாடி, பொறந்த உடனே கோவத்தப் பாரு" என்றாள் அக்கா, கிசுகிசுப்பாக. அழுதுகொண்டிருந்தாள்.

நாலு நாளில் ஒவ்வொன்றாகப் போயின. எதுவும் எதற்காகவும் காத்திருக்கவில்லை. ஒன்று மூங்கிலுக்குள், ஒன்று ஓடையோரம், ஒன்று மேட்டில் ஏறி. ஐந்தாம் நாள் சருகை மெல்ல விலக்கிப் பார்த்தேன். கீறித் திறந்த ஓடுகள் இருபது. கீறாதவை ஏழு. ஏழும் ஒரே பக்கம். நான் கூடையை வைத்து அள்ளிய பக்கம். அங்கே மட்டும் சருகு ஒரு கைப்பிடி அளவு குறைந்திருந்தது. நீர் அங்கேதான் இறங்கியிருந்தது.

"கோழிக்கே நாலு கூமுட்டை ஆகுது மேஷ்ட்ரே" என்றாள் அக்கா.

"இது அந்தப் பக்கம் அக்கா."

அவள் குனிந்து பார்த்தாள். கையால் அந்த இடத்தைத் தடவினாள். மறுபடியும் கோழியைப் பற்றிச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்ல வேண்டும் என்று எவ்வளவு விரும்பினேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது.

"ஆமா" என்றாள். "அந்தப் பக்கம்தான்."

பிறகு முந்தானையை விரித்து ஏழையும் அதில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் வீட்டிலிருந்து மண்வெட்டி கொண்டுவந்து மூங்கில் வேர்களுக்கு நடுவில் குழி தோண்டினேன். ஈர மண், சுலபமாக வந்தது. ஒவ்வொன்றாக அவள் கொடுக்கக் கொடுக்க நான் உள்ளே வைத்தேன். மழை வலுத்தது. மூடிவிட்டு, இரண்டு பேரும் மண்வெட்டியை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினோம்.