வியாழக்கிழமைக்கு எதிரே

எவரிஸ்தோ போய்ப் பத்தொன்பது நாளாகிவிட்டது. அவர் கடைசியாகக் காய்ச்சிய பீர் மட்டும் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில், பெரிய வாளியில், இன்னும் நொதித்துக்கொண்டிருந்தது. அப்படித்தான் அவர் மனைவி ஓடிலா நம்பினாள். நம்பினாள் என்ன, அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள்.

காலையில் வாயில் ஒரு சொட்டு மாத்தே தேநீர்கூடப் படாமல் கொட்டகைக்குப் போய் விறகடுப்பை மூட்டுவாள். பூமியின் தென்கோடியில் மலையடியிலிருக்கும் எல் போல்சோனில் ஏப்ரல் பிறந்தால் குளிர் எலும்பைக் குடையும். ஈஸ்ட் விறைத்துப் போனால் யார் பதில் சொல்வது? பிறகு வாளிக் குழாயைத் திருகி, நீளக் கண்ணாடிக் குவளையில் பீரைப் பிடித்து, அடர்த்திமானியை மிதக்கவிடுவாள். அடியில் கனம் வைத்த கண்ணாடிக் குச்சி அது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்னக் குச்சி அமிழும், கழுத்திலிருக்கும் எண் குறையும். முதல் நாள் 1018. பிறகு 1017. நேற்று 1014. எல்லாவற்றையும் சுவர் நாட்காட்டியில் குறித்திருந்தாள். எண் குறைகிறதென்றால் அவர் கையால் போட்ட ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் அவர் கைபட்டது வேறெது உயிரோடு இருந்தது?

அவருடைய குறிப்பேடு ஆணியில் தொங்கியது. அதை அவள் தொடவில்லை. அந்தக் கோணல் எழுத்தைப் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை.

அன்று காலை கொழுந்தன் பெனிக்னோ ஒரு பெட்டி நிறையக் கழுவிய புட்டிகளோடு வந்து நின்றான்.

"அண்ணி, இன்னைக்கு அடைச்சிடுவோம். இன்னும் வண்டல்லயே கிடந்தா கெட்டுப்போயிடும். அண்ணன் ஆவியா வந்து என் கழுத்தைத்தான் நெரிப்பாரு."

"வந்துட்டாருய்யா பெரிய நிபுணரு! உன் பீரைக் குடிச்சுட்டு ஊரே ரெண்டு நாள் கக்கூசைக் கட்டிக்கிட்டு அழுதுச்சே, மறந்துபோச்சா? மூணு நாள் ஒரே எண்ல நிக்கணும். அதுக்கு முன்னாடி அடைச்சா புட்டி வெடிக்கும். உங்கண்ணன் சட்டம். எண் இன்னும் இறங்கிக்கிட்டிருக்கு."

"இத்தனை நாளாவா?" அவன் புட்டிகளைக் கீழே வைத்தான். "எங்க, காட்டுங்க."

அவள் குவளையை நிரப்பினாள். நுரை பொங்கியது. மிதந்த குச்சியின் உடம்பெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழிகள். அவள் மேலிருந்தே எட்டிப் பார்த்து எண் சொல்ல வாயெடுத்தாள்.

"அண்ணி, இப்படித்தான் தினமும் பாத்தீங்களா?"

"வேற எப்படிப் பாக்குறதாம்? தலைகீழா நின்னா?"

அவன் பீரைக் குவளைக்குக் குவளை ஆற்றி வாயுவைப் போக்கினான். குச்சியை மறுபடி விட்டு, இரண்டு விரலால் பம்பரம்போல் ஒரு சுழற்று சுழற்றினான். ஒட்டியிருந்த குமிழிகள் உதிர்ந்தன. குச்சி இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தது. முட்டி போட்டு, கண்ணை நேராக வைத்துப் பார்த்தான்.

"ஆயிரத்துப் பன்னெண்டு."

"பாத்தியா! நேத்துப் பதினாலு! இன்னும் தின்னுக்கிட்டுத்தான் இருக்கு!" பத்தொன்பது நாளில் முதல் முறையாக அவள் முகம் மலர்ந்தது.

அந்த மலர்ச்சியைக் கெடுக்கப் பெனிக்னோவுக்கு மனமில்லை. ஆனால் சொல்லாமல் எப்படி விடுவது?

"குமிழி ஒட்டினா குச்சியை மேல தூக்கிடும் அண்ணி, எண்ணைக் கூட்டித்தான் காட்டும். நீங்க தினமும் அடுப்பு மூட்டினீங்க. பீர் சூடாகச் சூடாக வாயு போச்சு, குமிழி குறைஞ்சுது, எண்ணும் இறங்குச்சு. அது ஈஸ்ட் வேலை இல்ல."

"பொய் சொல்லாத. உனக்கு அடைச்சுட்டுப் போகணும், அவ்வளவுதான்."

அவன் ஆணியிலிருந்த குறிப்பேட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவள் முன் நீட்டினான். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியவள், கண்ணைத் திருப்ப முடியாமல் பார்த்தாள்.

செவ்வாய், 1012. புதன், 1012. வியாழன் என்று கிழமையை மட்டும் முந்தின நாளே எழுதிவைத்திருந்தார். எதிரே ஒன்றுமில்லை. வியாழக்கிழமை காலை கொட்டகைக்கு வரும் வழியில்தான் வேலியோரம் சுருண்டு விழுந்தார்.

ஓடிலா அப்படியே புட்டிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். அவர் இருக்கும்போதே எல்லாம் முடிந்துபோயிருக்கிறது. இத்தனை நாளும் அவள் விறகு வைத்தது வேலை முடித்து வண்டலாகப் படிந்து தூங்கப்போன ஈஸ்டுக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சவக்குழியருகேகூட அவள் அப்படி அழவில்லை.

அழுது ஓய்ந்ததும் நாட்காட்டியோரம் கட்டியிருந்த பென்சிலை எடுத்தாள். குறிப்பேட்டில், வியாழனுக்கு எதிரே, 1012 என்று எழுதினாள்.

"அடுப்பை அணைச்சிடு, பெனிக்னோ. உங்கண்ணன் வேலையை முடிச்சுட்டுத்தான் போயிருக்காரு. எனக்குத்தான் தெரியல."