பதினேழாம் நம்பர் அயனி

மும்தாஜ் பேகத்தின் வாயை அடைக்க அந்தப் பேரூராட்சியில் ஆள் கிடையாது. வார்டு மெம்பராக வந்த முதல் வருஷமே சண்டை போட்டு ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற வைத்துவிட்டாள். வீடு கட்டினாலும் சரி, மனை பிரித்தாலும் சரி, நெஞ்சு உயரத்தில் சுற்றளவு நாலடிக்கு மேல் இருக்கிற மரத்தில் கை வைக்கக் கூடாது. வீடுதான் மரத்துக்கு ஒதுங்க வேண்டும். பெயிண்டும் பிரஷுமாக வெயிலில் அலைந்து, மரம் மரமாக நெஞ்சு உயரத்தில் அவளே வெள்ளையில் நம்பர் எழுதினாள்.

அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியவள் மீன் விற்கும் குளோரி. அவள் வீடு கட்டின இடத்தில் பதினாறாம் நம்பர் அயனி மரம் நின்றது. "மெம்பரக்கா, அடுக்களைக்கு எடம் பத்தாதே" என்று கண்ணைக் கசக்கினாள். மும்தாஜ் அசையவில்லை. குளோரி கடைசியில் சுவரை உள்ளே தள்ளிக் கட்டினாள்.

இந்த வருஷம் மும்தாஜின் தம்பி உபைத் துபாயிலிருந்து வந்து, ரோட்டுக்குக் கீழே பள்ளமாகக் கிடந்த வாப்பாவின் தோப்பை மனை பிரித்தான். பதினேழாம் நம்பர் அயனி சரியாக வழி போகிற இடத்தில் நின்றது. உபைத் மரத்தைத் தொடவில்லை. டிப்பர் டிப்பராகச் செம்மண் கொண்டுவந்து ரோட்டு மட்டத்துக்கு, ஐந்தடிக்கும் மேலாகத் தோப்பையே தூக்கிவிட்டான். எழுதின நம்பர் மண்ணுக்குள் போய்விட்டது.

"ராத்தா, இப்ப அளந்து பாரு. தரையிலேருந்து நெஞ்சு உயரம்னுதான எழுதி வச்சிருக்க? எந்தத் தரைன்னு எழுதலியே."

அவளுக்குப் புரியாமல் இல்லை. அயனி மேலே போகப் போகச் சிறுக்கும். டேப்பைச் சுற்றினாள். மூன்றடி பத்து அங்குலம். பழைய அளவு நாலடி மூன்று அங்குலம் என்று ரெஜிஸ்டரில் அவள் கையெழுத்திலேயே இருந்தது. ஆனால் மாப்பிள்ளை மவுத்தாகி அவள் கைம்பெண்ணான நாளிலிருந்து அவளையும் மகள் ரிஃபாவையும் தாங்கியவன் இந்தத் தம்பி. அவன் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. "நம்பர் இல்லாத மரம், அளவு குறைவு, ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கொடுத்தாள். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு அவளுக்கு அதிகம் வெட்கமாக இருந்தது.

மர வியாபாரி ஞானையன் மரத்தைச் சாய்த்தான். அதோடு விட்டானா? அடித்தடிதான் விலை போகும் என்று ஜேசிபியை வைத்து மண்ணைத் தோண்டினான். மும்தாஜும் உபைத்தும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுள்ளி பொறுக்க வந்த குளோரியும் கடவப் பெட்டியோடு பக்கத்தில் நின்றாள். மண் சரிந்தது. ஈரத்தில் கறுத்த பட்டையில், கழுவி வைத்தாற்போல வெள்ளையாக 17. ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு. ஊரில் அப்படி ஏழு எழுதுவது மும்தாஜ் ஒருத்திதான்.

மும்தாஜ் என்ன செய்தாள் தெரியுமா? குழிக்குள் இறங்கி அந்த நம்பருக்கு முன்னால் போய் நின்றாள். பர்தாவை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள். யோசித்துச் செய்ததில்லை. கால் தானாகப் போய்விட்டது. சீ, என்ன பிழைப்பு!

"மாறி நில்லுங்க மெம்பரக்கா," என்றாள் குளோரி. "நான் பாத்தாச்சு."

ஞானையன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். உபைத் போனை எடுத்துக் காதில் வைத்தான். குளோரி பொறுக்கின சுள்ளியை அங்கேயே கொட்டிவிட்டு வெறும் கடவத்தோடு போனாள். திட்டியிருந்தால்கூட மும்தாஜ் எதிர்த்து நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

சாயங்காலம் மும்தாஜ் குளோரியின் வீட்டுக்குப் போனாள். அடுக்களை வாசலில் நின்றாள். இரண்டு பேருக்கு உள்ளே இடமில்லை. குளோரி வெளியே வந்து, "உள்ள போயி நில்லுங்க மெம்பரக்கா, சாரல் அடிக்குது" என்றாள். வீடு கட்டி இத்தனை நாளில் மும்தாஜ் அந்த அடுக்களைக்குள் கால் வைத்ததில்லை. ஜன்னலை அடைத்தாற்போல பதினாறாம் நம்பர் நின்றது.

"தெரிஞ்சுதான் செய்தேன் குளோரி. தம்பிக்காகச் செய்தேன். திங்கக்கிழமை கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லப் போறேன். மெம்பர் வேலையும் வேண்டாம்னு எழுதிக் குடுக்கப் போறேன்."

"சொல்லுங்க," என்றாள் குளோரி. "ஆனா மரம் வராதுல்லா. எனக்க அடுக்களையும் பெருசாவாது."

சொல்லிவிட்டு, வெளியே நின்றபடியே கையை நீட்டிக் கட்டன் சாயாவைக் கொடுத்தாள். அதை வாங்கத் திரும்பிய மும்தாஜின் முழங்கை சுவரில் இடித்தது.