நான்காவது பாராட்டு

இசக்கியம்மாள் பத்து நாட்களாக வகுப்பறைக்கு வெளியே நிற்கிறாள். வெளியே போ என்று சொன்னவன் நான்.

நான் எட்டாம் வகுப்பு ‘இ’ பிரிவின் தமிழாசிரியர். எங்கள் அரசுப் பள்ளியில் தண்டனை கிடையாது. நுழைவாயிலில் அதற்கென ஒரு பலகை உண்டு: ‘இப்பள்ளி தண்டனையின்றி நடைபெறும் நாள்: 4,312’. காவலர் தினமும் காலையில் ஏணி வைத்து ஏறி எண்ணை மாற்றுகிறார்.

தண்டனைக்குப் பதிலாக எங்களிடம் பாராட்டு இருக்கிறது. எவரையும் கண்டிப்பதற்கு முன் அவரை நான்கு முறை பாராட்டியிருக்க வேண்டும். மாணவருக்கும் ஆசிரியருக்கும் விதி ஒன்றே. அது நல்ல நோக்கத்துடன் இயற்றப்பட்டது. ஆதரித்துக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். அதன் பிறகு பள்ளியில் யாரும் பாராட்டை விரும்புவதில்லை. முதல் பாராட்டுக்குப் பிள்ளைகள் நிமிர்கிறார்கள். இரண்டாவதற்குக் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். மூன்றாவதற்குக் கதவைப் பார்க்கிறார்கள்.

அன்று விடுப்பு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று நடத்திக்கொண்டிருந்தேன். ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி’ என்ற கடைசி வரியைக் கரும்பலகையில் எழுதும்போது வகுப்பில் யாரோ சிரித்தார்கள். திரும்பினேன். இசக்கியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய பின்னலைப் பாராட்டினேன். நோட்டுக்கு அட்டை போட்டிருந்ததைப் பாராட்டினேன். அமரும் விதத்தையும் அமைதியையும் பாராட்டினேன். பிறகு, வெளியே போ என்றேன்.

அடுத்த பாடவேளைக்கு மணி அடித்தபோது தாழ்வாரத்தில் ஒரு தூண் கூடியிருந்தது. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் கூடியிருந்தது. உள்ளே வா என்றேன். அவள் வந்தாள். பாடவேளை முடியும்வரை வந்துகொண்டே இருந்தாள். கதவு அவளுக்கு அருகில் வரவில்லை.

ஒரு பாடவேளைக்கு ஒரு தூண் என்பது கணக்கு. ஒரு நாளைக்கு எட்டு. இன்று காலை எண்பது தூண்கள் இருந்தன. எண்ணியவர் கணித ஆசிரியர் என்பதால் அதில் ஐயமில்லை.

நான் அவளிடம் நடந்து போயிருக்கலாம். போகாததற்குக் காரணங்கள் வைத்திருந்தேன். இப்போது அவை நினைவில் இல்லை.

வருகைப் பதிவேட்டை வகுப்புத் தலைவி ஜெபமேரி வாசிக்கிறாள். காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை. மூன்று முறை அழைத்தும் குரல் வராவிட்டால் பெயரை நீக்க வேண்டும். நீக்கப்பட்ட பெயரை மறுபடி எழுதப் பதிவேட்டில் இடமில்லை. பத்து நாட்களாக இசக்கியம்மாள் வெளியிலிருந்தே “உள்ளேன் ஐயா” சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று காலை முதல் அழைப்புக்குக் குரல் வரவில்லை. இரண்டாவதற்கும் வரவில்லை. மூன்றாவதற்கு ஒரு கொசு பறந்ததுபோல் ஏதோ கேட்டது.

“கேட்டுச்சா சார்?” என்றாள் ஜெபமேரி.

“கேட்டுச்சு.”

“எனக்குக் கேக்கல சார்.”

“எனக்குக் கேட்டுச்சு. டிக் போடு.”

“மத்தியானமும் உங்களுக்குக் கேக்குமா சார்?”

நல்ல கேள்வி என்று சொல்ல வாயெடுத்தேன். ஜெபமேரி பின்னால் நகர்ந்தாள். அவளுக்கு நான் ஏற்கெனவே மூன்று பாராட்டுகள் வழங்கியிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் செல்வக்கனி சட்டையில் குத்தும் நட்சத்திரங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

“தண்டனைய ரத்து செய்யணும்” என்றேன்.

“எந்தத் தண்டனைய சார்?”

“இசக்கியம்மாள வெளிய நிக்க வச்சத.”

“நம்ம ஸ்கூல்லதான் தண்டனையே கிடையாதே. வாசல்ல போர்ட பாக்கலியா? இல்லாதத எப்படி சார் ரத்து செய்யது?”

“அப்ப அந்தப் பிள்ள என்னத்துக்கு வெளிய நிக்கா?”

“காத்தோட்டமா நிக்கா.”

“தானாவா?”

“ஆதரவோட.” அவர் ஒரு நட்சத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “தெனமும் ஒண்ணு அனுப்புதோம்லா. மாவட்டத்துலயே இப்படி நேரா நிக்கிற பிள்ள கிடையாது. அடுத்த வாரம் பாக்க ஆளு வாராவ.”

“மத்தியானம் குரல் கேக்கலன்னா பேரு போயிரும்.”

“போனா நிக்கிறதுக்கு ஒண்ணும் தடையில்லயே சார்.”

மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இரக்கப்பட்டு இழுப்பறையைத் திறந்து ஒரு தாளைக் கொடுத்தார். ‘நிற்கும் நிலையிலிருந்து அமரும் நிலைக்கு மாற்றக் கோரும் படிவம்’. அதில் மூன்று கட்டங்கள் இருந்தன. மாணவியின் பெயர். நடந்தது என்ன, மாணவியின் சொற்களில். மேற்கண்டதை ஏற்றுக்கொள்ளும் ஆசிரியரின் கையெழுத்து.

“நடுக்கட்டத்த இதுவரைக்கும் யாரும் நெரப்புனதில்ல” என்றார் செல்வக்கனி. “அச்சடிச்சவன் தெரியாம போட்டுட்டான்னு நெனச்சோம். பிள்ளைட்ட போயி கேக்கணும்லா? யாரு அம்புட்டுத் தூரம் நடக்கது?”

படிவத்தில் தலைமையாசிரியையின் முத்திரை வேண்டும். ஞானசெல்வம் அம்மையார் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“வாங்க அருளப்பன் சார். உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு.”

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

“சட்டய நல்லா தேச்சிருக்கிய.”

படிவத்தை நீட்டினேன். தாளின் ஓரம் வியர்வையில் நனைந்திருந்தது. அவர் முத்திரையை ஊதிவிட்டு அழுத்தினார்.

“கதவ சத்தமில்லாம தெறந்திய. அது எல்லாருக்கும் வராது.”

அவர் நான்காவதற்கு வாயைத் திறந்தார். பின்பு அதில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

“போயிட்டு வாங்க சார். அவசரமில்ல.”

மூன்று பாராட்டுகளுடன் தாழ்வாரத்தில் நடக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு தூணிலும் ஓர் ஒலிபெருக்கி பொருத்தப்பட்டிருந்தது. நாற்பதாம் தூணில் திரும்பிப் பார்த்தபோது என் வகுப்பறையின் கதவு தபால்தலை அளவுக்கு இருந்தது. உணவு இடைவேளை மணி அடித்தது. அதன் ஓசை என்னைத் தாண்டிப் போக நெடுநேரம் ஆனது. ஓடினேன். ஓடுபவரைப் பாராட்டமாட்டார்கள் என்று யாரோ சொன்ன நினைவு.

இசக்கியம்மாள் நேராக நின்றுகொண்டிருந்தாள். பத்து நட்சத்திரங்களும் சட்டையில் இருந்தன. அவற்றின் எடையால் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என்னைக் கண்டதும் அழத் தொடங்கினாள்.

“பாராட்டாதீங்க சார்.”

“பாராட்டலம்மா. ஒண்ணு கேக்கணும்.”

“நாலு ஆயிட்டு சார். இன்னும் வெளிய போணும்னா அங்கதான் போணும்.”

அவள் காட்டிய திசையில் தாழ்வாரம் மேலும் நீண்டது. வெகுதொலைவில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அரைக்கால் சட்டை அணிந்திருந்தார். மீசை நரைத்திருந்தது. உடல் முழுவதும் நட்சத்திரங்கள் மின்னின.

“அந்தப் பக்கம் சத்தம் போவுது சார். அந்த அண்ணாச்சிட்ட என்ன செஞ்சியன்னு கேட்டேன். மறந்துட்டாராம். யாரும் கேக்கலியாம். கேட்டிருந்தா ஞாவகம் வச்சிருப்பாராம்.”

“ஒனக்கு ஞாவகம் இருக்கா?”

அவள் யோசித்தாள். அவள் யோசித்த அந்த நேரத்தில் நான் அடைந்த அச்சத்தை இதற்கு முன் அடைந்ததில்லை.

“இருக்கு சார். தெனமும் சொல்லிப் பாத்துக்கிடுவேன். ஆனா சொன்னா நீங்க கோவப்படுவிய.”

“கோவப்படணும்னா முதல்ல பாராட்டணும்லா. சொல்லு.”

“நான் சிரிக்கல சார். நீங்கதான் சிரிச்சிய. ‘கீழ்ப்படிதலுள்ள மாணவி’ன்னு போர்டுல எழுதிக்கிட்டே சிரிச்சிய. சத்தமில்லாம ஆரம்பிச்சு, பெறவு சத்தமா. எல்லாரும் பயந்துட்டோம். நான் கத்திரக் கூடாதேன்னு வாயப் பொத்துனேன்.”

நடுக்கட்டத்தில் அதை அப்படியே எழுதினேன். ஒரு சொல்லையும் திருத்தவில்லை. கட்டம் போதுமானதாக இருந்தது. அதை வரைந்தவர் இந்த அளவு வாக்கியத்தை எதிர்பார்த்திருந்தார்போலும்.

கையெழுத்து மட்டும் மிச்சம். மேற்கண்டதை ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர். சிரித்தது நானா என்று நினைத்துப் பார்த்தேன். என் தொண்டையில் அந்தச் சிரிப்பின் மிச்சம் கிடந்தது.

தூரத்தில் பிற்பகல் வருகைப் பதிவு தொடங்கியது.

“இசக்கியம்மாள்.”

“உள்ளேன் ஐயா” என்று அவள் கத்தினாள். குரல் நான்கைந்து தூண்கள் வரை போய்த் தரையில் விழுந்ததைப் பார்த்தேன்.

“நீங்களும் கையெழுத்துப் போடாமப் போயிருவியன்னு அண்ணாச்சி சொன்னாரு சார்” என்றாள். “அவருட்ட வந்த சாரும் பேனாவத் தெறந்தாராம்.”

“இசக்கியம்மாள்.”

அவள் மறுபடி கத்தினாள். அது முன்னதைவிட அருகில் விழுந்தது. என் கை படிவத்தின் மேல் நின்றது. நிலை மாறினால் அவள் நிற்கும் இடம் காலியாகும். காலியான இடம் எதுவும் இப்பள்ளியில் இருந்ததில்லை. அதை நான் அறிவேன்.

கையெழுத்திட்டேன். முத்து முத்தாக வந்தது.

“இசக்கியம்மாள்.”

“உள்ளேன் ஐயா.”

குரல் வகுப்பறைக்குள் இருந்து வந்தது. தெளிவான, சற்றே எரிச்சலான குரல். தொடர்ந்து பெஞ்சு நகரும் ஓசையும், “ஏட்டி, தள்ளி உக்காரு” என்பதும் கேட்டன. என் எதிரில் யாரும் இல்லை. தரையில் பத்து நட்சத்திரங்கள் கிடந்தன. அவள் நின்ற இடத்தில் சிமெண்டு இரண்டு பாதங்களின் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

கதவை நோக்கி நடந்தேன். கதவு அருகில் வரவில்லை. தூணை எண்ணினேன். அதே தூண்.

எல்லாத் தூண்களிலும் ஒலிபெருக்கிகள் ஒருசேரக் கரகரத்தன. வெகுதொலைவில் நரைமீசைக்காரர் காதைப் பொத்திக்கொள்வது தெரிந்தது.

“அருளப்பன் சார்” என்றார் ஞானசெல்வம் அம்மையார். அவருடைய குரலில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. “அந்தப் பிள்ளைட்ட போயி என்ன நடந்துச்சுன்னு கேட்டிய பாருங்க, அது ரொம்ப நல்ல காரியம்.”

நான் என்னை அறியாமல் அந்தத் தேய்ந்த இடத்தில் கால்களை வைத்திருந்தேன். அது என் பாதங்களுக்குச் சிறிது சிறியது. முதுகை நிமிர்த்தினேன்.

ஒலிபெருக்கி அணைக்கப்படவில்லை. அம்மையார் தண்ணீர் குடிப்பது கேட்டது. டம்ளரை மேசைமேல் வைப்பது கேட்டது. பிறகு மூச்சை உள்ளிழுப்பது கேட்டது.