வரிவரியாக ஒரு முகம்

மெய்ப்புத் திருத்துபவர் உற்றுப் பார்த்தால் பார்த்தது வெளுத்துவிடும் என்பது, அவர் வேலைக்குச் சேர்ந்த பதினேழாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெரியவந்தது. அச்சகம் மங்கலான பழைய தாளை நிறுத்திப் பளீரென்ற வெள்ளைத் தாளுக்கு மாறி, பிறகு அதையும் விட்டுக் கணினித் திரைக்கு மாறியிருந்தது. அவருக்குக் கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தியது, நீர் கொட்டியது, போதாக்குறைக்குத் தலைவலி. கண் மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்து, அடிக்கடி ஜன்னல் வழியே தூரத்தில் பார்க்கச் சொன்னார். அவர் பார்த்தார். எதிர்க்கட்டடத்தின் நீலக் கதவு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. இத்தனை வருடம் உள்ளே போன வெள்ளை வெளியே வந்துதானே ஆக வேண்டும் என்ற மருத்துவர், மேற்கொண்டு மருந்து எழுதவில்லை.

பிழைக்கத் தெரிந்த ஊர் அது. வீட்டுக்காரர் சுண்ணாம்பு மிச்சம் என்று மாடிச் சுவர்களைப் பார்த்துத் தரச் சொன்னார். மேலாளர் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பழைய கோப்புகளை வெற்றுத்தாளாக்கும் பிரிவுக்கு மாற்றினார்.

வீட்டில்தான் கதை கந்தலானது. கல்யாணப் படம் வெளுத்த பிறகு அவர் மனைவியை நிமிர்ந்து பார்க்கவே பயந்தார். தரையைப் பார்த்தே பேசினார், தரை வெளுத்தது. இப்படியே ஆறு வருடம் ஓடியது.

"என் முகம் ஞாபகம் இருக்கா?" என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

"மூக்கு இருக்கு. மத்ததெல்லாம் கலங்கலா இருக்கு."

அவள் அவருடைய பையைத் துழாவிக் கறுப்பு அட்டையை எடுத்தாள். நடுவில் ஒரு வரி அகலத்துக்கு வெட்டிய அட்டை. கண் கூசும்போது பக்கத்தின் மேல் வைத்து வரிவரியாகப் படிக்க அவர் வைத்திருந்தது.

"இது வழியா பாருங்க. ஒரு வரிதானே, என்ன ஆயிடப்போகுது?"

ஞாயிறுக்கு ஒரு வரி என்று ஆரம்பித்தார். வேறு யாராவது என்றால் ஒரு பார்வையோடு நகர்ந்திருப்பார்கள். இவரோ எந்த வரியையும் இரண்டு முறை படிக்காமல் விட்டதே இல்லை. மூக்குக்கு வந்தபோது நெற்றி போயிருந்தது. அவர் சொல்லவில்லை. கண்ணாடி பார்த்த அவளும் சொல்லவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முகவாய் முடிந்த அன்று, எப்படி இருக்கிறேன் என்று கேட்டாள்.

"ஒரு பிழைகூட இல்ல" என்றார். அழுகையை அடக்க முடியவில்லை.

மனதில் பதிந்த அந்த முகத்தை அவர் அடிக்கடி எடுத்துப் பார்த்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் அதுவும் வெளுத்தது. தெருவில் அவளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். மளிகைக்கடைக்காரருக்கு முதல் வாரம் சங்கடமாக இருந்தது; அப்புறம் பழகிவிட்டது.